ஏணி மேல் போட்ட பழி

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

கானாடுகாத்தான் வந்த பிறகு இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். இந்த வீட்டில் உட்கார இடம் தேட வேண்டாம். எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். அதுவே ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். விசேஷம் வந்தால்தான் குடும்பத்தோடு வருவார்கள். மற்ற நாளெல்லாம் நானும் என் புருஷனும் மட்டும்தான் காவல். வயரிங், மோட்டார், உடைந்த ஓடு எல்லாம் அவர் பார்த்துக்கொள்கிறார். கூட்டுவது, துடைப்பது, அறைகளைத் திறந்து காற்றாட விடுவது, வௌவாலை விரட்டுவது என் பாடு. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவளுக்கு இது நல்ல வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

அமராவதிபுதூரில் எங்களுக்கு ஒரே அறை. நடுவில் அத்தையின் பழைய சேலைதான் திரை. கல்யாணமாகி நாலு வருஷம் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டே குடித்தனம் நடத்தியாயிற்று. எப்போதும் ஒரே விதம், ஒரே அவசரம். கட்டில் முனகினால் அத்தை இருமுவார்.

இந்த மாதத்தோடு எனக்கு இருபத்தெட்டு முடிகிறது. சத்தமாகச் சிரித்தால் என் குரல் எப்படி இருக்கும் என்று இங்கே வந்துதான் கேட்டேன். பெரிய வீடு. திருப்பிச் சொல்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்திருந்தோம். அவர் போனைக் காட்டினார். புருஷன் பெண்சாதிக்கு என்று ஒரு டாக்டர் எழுதியதாம். கூடவே படங்கள். வெறும் கோட்டுப் படங்கள்தான், முகம் கூட இல்லை. நான் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் கரண்ட் ஆபீஸ் அறிவிப்பு மாதிரி வாசித்தார். "அவசரப்படக் கூடாது. கழுத்தில் பாரம் விழக் கூடாது. வழுக்காத தரையாக இருக்க வேண்டும்."

"வழுக்காத தரைக்கு நாம எங்குட்டுப் போறது" என்று சிரித்தார். இந்த வீடு முழுக்க வழவழவென்று ஆத்தங்குடிக் கல்.

ஒரு படத்தில் அவன் நிற்கிறான். அவள் கால் தரையில் இல்லை. தலையணையை விட்டு ஒரு கண்ணால் பார்த்தேன்.

"என்னத்தப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

அதை மட்டும்தான் பார்த்தேன். நான் நிறையத் தூக்கியிருக்கிறேன். படுத்துக் கிடந்த அம்மாவை, குடத்தை, அரிசி மூட்டையை, இங்கே வந்து பித்தளை அண்டாவை. என்னை யாரும் தூக்கியதாக ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கேட்டுவிட்டேன்.

அவர் மூங்கில் ஏணி மேல் நின்று ஹோல்டர் மாற்றிக்கொண்டிருந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

"அந்தப் படத்துல உள்ளது மாதிரி, ஒரு தடவ."

"எந்தப் படம்?"

"தூக்குறது."

மேலிருந்து ஒரு ஸ்க்ரூ கீழே வந்து விழுந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

எடுத்த எடுப்பில் முடியாதாம். "நீ என்ன பல்பா, தூக்கி மாட்டுறதுக்கு?" என்கிறார். அவருக்கு முப்பத்திமூன்று வயது, கூலிக்குக் கரண்ட் கம்பம் ஏறுகிற தோள். இருந்தாலும் ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும் என்று கண்டிஷன்.

உள்முற்றத்தை ஒட்டிய இரண்டாம் கட்டின் ஓர அறையில் கோரைப்பாயை விரித்து மேலே மெத்தை போட்டோம். பாய் இருந்தால் மெத்தை நகராது. முட்டிக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று. மத்தியான வெயில், ஜன்னல் சாத்தியிருந்தது. முதலில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்புறம் அவருக்கு. இரண்டு பேரும் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் வேறெதுவும் நடக்கவில்லை.

நான் சொன்னேன்: "எனக்கு வலிச்சா நான் சொல்ல மாட்டேன். வாயி வராது. ஒங்களுக்குத் தெரியும்ல."

யோசித்தார். "ஒரே வார்த்த. மெயின்னு சொல்லு. மெயின ஆஃப் பண்ணுனா வீடே நிக்கணும். ஏன், எதுக்குன்னு கேள்வி கெடையாது. எனக்கும் அதேதான்."

மெயின். அந்த வார்த்தை எனக்கு வருகிறது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

நாளை திருநீற்றுப் புதன். மாமனார் இறந்த வருஷத்திலிருந்து தவக்காலம் முழுக்க அவருக்கு விரதம். கறி இல்லை, மீன் இல்லை, நானும் இல்லை.

இன்று சுவரோரமாக நின்று பாதி வரை முயன்று பார்த்தோம். ஒரு கால் மட்டும் தரையை விட்டது. "மெயின்" என்றார். அவர்தான் முதலில் சொன்னார். உடனே இறங்கிவிட்டேன்.

"ஈஸ்டர் முடியட்டும். அதுக்குள்ள தெம்பாகிருவேன்."

கறி தின்னாமல் எப்படித் தெம்பாவீர்கள் என்று கேட்க நினைத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போனோம். முழங்காலில் இருக்கும்போது நினைப்பு வேறெங்கோ போய்விட்டது. மன்னிக்கணும் ஆண்டவரே.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டருக்கு அமராவதிபுதூர் போய்விட்டு நேற்று திரும்பினோம். அத்தைக்கு நாங்கள் வந்ததில் சந்தோஷம், கிளம்பியதில் வருத்தம். திரை அப்படியே தொங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆச்சி வீட்டார் வருகிறார்கள், மணிவிழாப் பேச்சு. நாளை காலையில் தரை முழுக்கத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் போட வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் தேய்த்தெடுத்தால்தான் ஆத்தங்குடிக் கல் முகம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அவர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஏப்ரல் 24, வியாழன்

காரைக்குடி ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்ச்.

எப்படி எழுதுறது. எழுதாம இருக்க முடியல.

நேத்து காலையில தரை வேலைய முடிச்சேன். மத்தியானம் அந்த ஓர அறையில வெக்கை. இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்துல தூண் பக்கம் காத்து வருதுன்னு அவருதான் சொன்னாரு. மெத்தைய இழுத்துட்டு வரணும்னு நான் சொல்லல. அவரு கேட்டாரு - "தரை காஞ்சிருச்சா?"

காஞ்சிருச்சுன்னேன்.

காஞ்சிருந்துச்சு. தண்ணிதான் காஞ்சிருந்துச்சு. தேய்ச்சு எடுக்குறதுக்குள்ள சோத்து வேல வந்துருச்சு, அந்த ஒரு எடத்துல நான் துணி போடல. நான் தேய்ச்ச தரை. எனக்குத் தெரியாதா? அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் வரலையா, இல்ல வந்தும் வேணாம்னு விட்டுட்டேனா?

தூணு முதுகுல இருந்துச்சு. தூக்கிட்டாரு. காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல.

அப்புறம் அவரு கால் போயிருச்சு. நான் கீழ விழக் கூடாதுன்னு விழும்போதே திரும்பினாரு. அவரு இடுப்பு கல்லுல, நான் அவரு மேல. எனக்கு முழங்கையில சிராய்ப்பு மட்டும்.

துணிய எடுத்து அவருக்கு மாட்டிவிட்டு, நானும் மாட்டிக்கிட்டு, அப்புறம்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுனேன். அந்த நேரம் முழுக்க அவரு அலறாமப் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு.

டாக்டர் கேட்டார், எப்படி விழுந்தீங்க?

"ஏணியிலேருந்து சார்"னு அவருதான் சொன்னாரு.

மே 2, வெள்ளி

எலும்பு முறியவில்லை. இடுப்பில் முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். இடது கால் மரத்துப்போகிறது. ஆபரேஷன் இப்போது வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் பார்ப்போம் என்றார்கள்.

ஆச்சி போனில் பேசினார். நல்ல மனசு. "பெலிக்ஸ் எப்படி இருக்கான்? அந்த ஏணிய மொதல்ல வெறகுக்கு வெட்டச் சொல்லு ஜெரினா. வீட்டுல ஒரு மனுசன விழத்தட்டுன பொருள் இருக்கக் கூடாது."

ஆள் வந்து வெட்டிப் போட்டுவிட்டுப் போனார். நான் நின்று பார்த்தேன். அந்த ஏணி என்ன செய்தது?

மே 9, வெள்ளி

அத்தை வந்திருக்கிறார். வந்ததிலிருந்து ஒரே கேள்வி. "ஏத்தா, ஏணியப் புடிக்க நீ பக்கத்துல இல்லையா?"

இல்லை என்றேன். சமையலறையில் இருந்தேன் என்றேன்.

"பொண்டாட்டின்னு ஒருத்தி எதுக்கு இருக்கா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை. எனக்குத் தெரியும்.

மே 11, ஞாயிறு

அத்தை கிணற்றடிக்குப் போயிருந்தபோது அவருக்கு முதுகு துடைத்துவிட்டேன். வலி வந்தது போல. திடீரென்று சொன்னார், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"நீ கேக்காம இருந்திருந்தா நான் இந்நேரம் கம்பத்துல இருப்பேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மணி என்ன என்பது மாதிரி சொன்னார்.

நாலு வருஷத்துல நான் வாய் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். இனிமே எதையும் கேக்க மாட்டேன். தண்ணி கூட.

மே 21, புதன்

காரைக்குடியில் பயிற்சிக்குப் போகிறோம். அங்கே பயிற்சி கொடுப்பது பாண்டீஸ்வரி என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். அடித்துப் பேசுகிற ஆள். அவரைக் குப்புறப் படுக்க வைத்து ஒத்தடம் கொடுத்துத் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தார். இங்கேயும் ஒரு திரை. என்னிடம் கேட்டார்.

"எந்தப் பக்கமாச் சரிஞ்சாரு? ஏணி எங்குட்டு இருந்துச்சு? அடி விழுந்த எடத்துக்கும் நீங்க சொல்றதுக்கும் சேரலையே."

நான் தரையைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"போன மாசமும் ரெண்டு பேரு ஏணியிலேருந்து விழுந்து வந்தாக. ரெண்டு பேரு வீட்டுலயும் ஏணியே இல்ல."

என் காது சுட்டது. தலை தானாக ஆடிவிட்டது. ஆமாம் என்று.

அவர் சிரிக்கவில்லை. குரலையும் தணிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. வலி கொறையட்டும், அப்புறம் மெதுவா ஆரம்பிக்கலாம். அவரு மல்லாந்து படுக்கட்டும், முட்டிக்கு அடியில தலகாணி. இல்லைன்னா ரெண்டு பேரும் ஒருக்களிச்சு. பாரத்த நீங்க ஒங்க கையில வாங்கிக்கிடுங்க. தூக்குறது, குனியிறது, முறுக்குறது ஆறு மாசத்துக்கு நெனைக்கவே வேணாம். வலிச்சா நிறுத்திரணும். காலு கூடுதலா மரத்தாலோ, ஒண்ணுக்குப் போறதுல மாத்தம் தெரிஞ்சாலோ நேரா டாக்டர்கிட்டப் போயிரணும், என்ட்ட வரக் கூடாது."

திரைக்குப் பின்னால் அவர் கேட்டாரா? திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 7, சனி

அத்தை ஊருக்குப் போயிருக்கிறார். அந்த ஓர அறை. அதே பாய், அதே மெத்தை.

அவரே தலையணையை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அப்படியென்றால் அன்றைக்குத் திரைக்குப் பின்னால் கேட்டிருக்கிறார். நான் அவர் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தேன். பிறகு மெல்ல எழுந்தேன். பாரத்தை என் கையில் வாங்கிக்கொண்டேன், அந்தப் பெண் சொன்னபடி. முதல் முறையாக மேலிருந்து அவர் முகத்தைப் பார்த்தேன். மத்தியான வெளிச்சத்தில் அவருக்குக் காதோரம் ரெண்டு நரை.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வலிக்குதா?"

"வலிச்சாத் தேவல."

"பின்ன?"

"சும்மா கெடக்கேன். நீ எல்லாம் செய்யிற. ஒத்தடம் குடுக்குற மாதிரி இருக்கு."

நான் நிறுத்திவிட்டேன். அவர் வார்த்தையைச் சொல்லவில்லை, ஆனாலும் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் படுத்துக்கொண்டேன். எனக்கு நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மையாகவே நன்றாக இருந்தது. அவசரமில்லாமல், பயமில்லாமல், அவர் முகம் தெரிகிற மாதிரி. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு புரளவில்லை. கேட்க மாட்டேன் என்று சபதம் செய்தவளுக்குச் சொல்லவும் வராமல் போய்விட்டது.

அவர் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்தாரோ.

ஜூன் 15, ஞாயிறு

ஆச்சி பேசினார். வருத்தப்பட்டுத்தான் பேசினார். ஓடு மாற்ற, மோட்டார் பார்க்க ஆள் வேண்டும், மழைக்கு முன்னால் வேலை இருக்கிறது. கீழச்சிவல்பட்டியிலிருந்து பாண்டிமுருகன் என்று ஒருத்தரும் அவர் பெண்சாதியும் வருகிறார்களாம். "பெலிக்ஸு ஒடம்பு தேறட்டும் ஆத்தா. ஒங்க அத்த வீட்டுல இருந்தா ஒனக்கும் ஒத்தாச."

சரிங்க ஆச்சி என்றேன்.

ஜூன் 30, திங்கள்

சாவியைக் கொடுத்தாயிற்று. புதிதாக வந்த பெண்ணின் பேர் முத்தழகு. சின்னப் பெண்ணில்லை, என்னைவிட ரெண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். வளவுக்குள், நடு முற்றத்தில் நின்று "ஏயப்பா" என்றாள். வீடு திருப்பிச் சொன்னது. அவள் தன் குரலைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் மெத்தையைச் சுருட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

அமராவதிபுதூர். கட்டில் இப்போது அவருக்கு. டாக்டர் பலகைக் கட்டில்தான் வேண்டும் என்றதால், எங்கள் பழைய கட்டிலை வெளியே போட்டுவிட்டு அத்தை தன் கட்டிலைக் கொடுத்துவிட்டார். நான் கீழே பாயில். அத்தை திரைக்கு அந்தப் பக்கம் தரையில். "முட்டி போனாப் போகுது, புள்ள எந்திரிச்சு நடக்கட்டும்" என்கிறார். அவரைத் திட்டவும் முடியவில்லை.

நடக்கிறார். ஒரு கடையில் உட்கார்ந்து மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கிற வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகவில்லை. "பொம்பளைக கொண்டாந்து குடுக்குற மிக்ஸியக் கழட்டிக்கிட்டு ஒக்காரவா?"

இன்று அவர் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. சரி செய்யத் தோளில் கை வைத்தேன். வேறொன்றும் இல்லை. காலர்தான்.

"மெயின்" என்றார்.

மெதுவாகத்தான். அத்தைக்குக் கேட்டாலும் புரியாது. நான் கையை எடுத்துவிட்டேன். ஏன், எதுக்கு என்று கேள்வி கிடையாது. அதுதானே பேச்சு.

காலர் மடங்கியபடியே இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

ஒன்றுமில்லை எழுத.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலில் ஒரு கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. எனக்கு என்ன தெரியும், தரை காய்ந்ததா என்பது கூடத் தெரியாது.

அன்றைக்குத் தூணில் சாய்ந்திருந்த அந்த ஒரு நிமிஷம். நிமிஷம் கூட இல்லை. அது நன்றாக இருந்தது. அவர் இடுப்பைக் கொடுத்து வாங்கிய அது எனக்கு நன்றாக இருந்தது என்று யாரிடம் போய்ச் சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா? பாவம் எது என்று கேட்டால் என்ன சொல்வேன்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மத்தியானம் முத்தழகு போன் செய்தாள். அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். நான் கீழே பாயில். அத்தை திரைக்கு அந்தப் பக்கம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆச்சி வாராக. தரைக்கு என்னக்கா போடுவீக? ஒங்க காலத்துல கண்ணாடி மாதிரி இருக்குமாம்ல."

"வெறும் தண்ணி போதும்."

"எண்ணெய் வேணாமா? ஆச்சி எண்ணெய்னாகளே."

"போட்டாக் கூடவே நின்னு காஞ்ச துணியாலத் தேய்ச்சு எடுத்துரு. ஒரு எடமும் விடாத. இல்லைன்னா வழுக்கும்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. சுவரைப் பார்த்துத்தான்.

"பாய் விரிச்சுக்கிடச் சொல்லு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. முத்தழகு, "அண்ணன் என்னக்கா சொல்றாக?" என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் ஜெபம் நின்றது. "எதுக்குடா பாயி? எண்ணெய ஒத்தி எடுக்கவா?" என்றார் அத்தை.

"மெத்த நகராம இருக்கும்" என்றார் அவர்.

நான் போனை வைத்துவிட்டேன். ஒருவேளை வைக்காமலேயே பொத்திக்கொண்டேனோ. அத்தை, "கோட்டி புடிச்சிருச்சு இவனுக்கு" என்று சொல்லிவிட்டு விட்ட மணியைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பித்தார்.

நான் மேலே பார்க்கவில்லை. கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. அவருக்கு நரம்பில் வலி அப்படியேதான் இருக்கிறது, காலையில் எழுந்திருக்கும்போது முகத்தில் தெரிகிறது. அந்தக் கடைக்கு இன்னும் போகவில்லை. இந்தத் திரை இனி எங்கேயும் போகப் போவதில்லை.

கொஞ்ச நேரத்தில் கட்டில் முனகியது. அத்தை இருமினார். அவர் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். கட்டிலின் ஓரத்திலிருந்து கை கீழே தொங்கி, என் மணிக்கட்டில் வந்து நின்றது. பிடிக்கவில்லை. சும்மா வைத்திருந்தார், பாரமில்லாமல்.

அந்த வார்த்தை எனக்கும் உண்டு. சொன்னால் எடுத்துவிடுவார்.

ஜெபமாலை முடிகிற வரை நான் சொல்லவில்லை.